ஆலமரத்தில் கம்பி, பையில் டியூப்

நேற்றுக் காலை பரவை மார்க்கெட்டைத் தாண்டியதும் வண்டி பஞ்சர். பின்சக்கரம். பெட்டியில் பதினொரு பார்சல் பாக்கி. தள்ளிக்கொண்டு போய் ஒரு வேப்பமரத்தடிக் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தைப் பிடித்து அரத்தால் தேய்த்தார். தேய்த்ததும் அந்த வாசனை கிளம்பியது. சூடேறிய ரப்பர்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

"சாப்பிடலையா தம்பி?" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அது உன் அறையின் வாசனை. பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு நீள நீளமாகக் கிழித்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருப்பாய். வெயில் ஏற ஏற அறை முழுக்க ரப்பர் நாறும். பஞ்சர் கடை மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா திட்டும். நீ சிரிப்பாய்.

சுற்றி வளைக்க எனக்கு வராது, உனக்கே தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று மரத்தின்மேல் நான் டியூப் சுற்றவில்லை. நீ கீழே இருந்து கேட்டாய், சுற்றிவிட்டேன் என்றேன். பொய். நீ உயிரோடு இருந்த ஐந்து நாளும் அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ போன பிறகும் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இதை எந்தப் பெட்டியில் போட்டால் உனக்கு வந்து சேரும் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக்கில் பாதியில் விட்டவர்கள். எனக்கு அரியர். உனக்கு கிட்னி. நான் விட்டதற்கு என் வீட்டில் ஒரு வாரம் சோறு போடவில்லை. நீ விட்டதற்கு உன் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அதைவிட மோசம் என்று சொன்னாய். வாரம் இரண்டு நாள் பேரையூரிலிருந்து மதுரைக்கு டயாலிசிஸ். மீதி ஐந்து நாள் கண்மாய்க் கரையோரம் உன் வீட்டுப் பின்னறையில் கட்டில். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். உன் அம்மா அதை டம்ளர் கணக்காக்கி வைத்திருந்தது. மூன்று டம்ளர். காபி, ரசம் எல்லாம் அதற்குள்தான்.

அந்தக் கட்டிலில் கிடந்துதான் ரேடியோவைப் பிடித்தாய். பாட்டு கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால் நாமே பேசலாம், பதிலுக்கு எங்கிருந்தோ இன்னொருவர் பேசுவார். என்னையும் விண்ணப்பம் போட வைத்தாய். இரண்டு பேருக்கும் ஒரே நாள் பரீட்சை. நீ டயாலிசிஸ் முடிந்த மறுநாள், கையில் கட்டோடு போய் எழுதினாய். எனக்கு அன்று எழுந்திருக்க அலுப்பு. போகவில்லை. உனக்கு லைசென்ஸ் வந்தது. அழைப்புக்குறி வந்தது, ரேடியோவில் உன் பெயர் மாதிரி சில எழுத்துகள், கடைசி எழுத்து எம். உலகம் முழுக்க அந்த எழுத்துக்கு ‘மைக்’ என்று சொல்வார்களாம். நீ ‘மதுரை’ என்றுதான் சொல்வாய். என்ன மாப்ள, சட்டப்படி தப்பில்லையா என்று கேட்டேன்.

"லைசென்ஸ் எடுத்தவன் பேசுறேன். பரீட்சைக்கு வராதவன் கம்முனு இரு."

அந்த அடி இன்னும் வலிக்கிறது. இப்போது வேறு இடத்தில் வலிக்கிறது.

ரேடியோ வந்துவிட்டது. பழைய செட், யாரோ கைமாற்றி விட்டது. ஆனால் ஏரியல் இல்லாமல் அது வெறும் பெட்டி. இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி, நடு இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க் கரையில் அந்த ஆலமரம். அதைவிட உயரமாக அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

நான் உண்டிவில்லில் தூண்டில் நரம்பு கட்டி ஈயக்குண்டு வைத்து அடித்தேன். இரண்டு நாள் அடித்தேன். குண்டு மரத்தைத் தாண்டி கண்மாய்க்குள் போனது, உன் வீட்டு ஓட்டை உடைத்தது, ஒருமுறை என் முட்டியையே உடைத்தது. மூன்றாம் நாள் பால்காரர் வந்தார். சைக்கிளில் வைக்கோல் சுற்றிய சாக்கு மூட்டை. அவர் மாடு கன்று போட்டிருந்தது. கன்றுக்குப் பின்னால் விழுகிற இளங்கொடியை மூட்டையாகக் கட்டி ஆலமரத்தில் உயரமாகத் தொங்கவிட்டால் பால் வற்றாது என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மரத்தில் ஏற்கனவே இருபது முப்பது மூட்டை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கயிற்றின் நுனியில் சாக்கில் சுற்றிய ஒரு கல்லைக் கட்டி, ஊஞ்சல் மாதிரி நாலு ஆட்டு ஆட்டி, ஐந்தாவதில் கையை விட்டார். கல் போய் உச்சிக்கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. ஒரே வீச்சு. நீ ஜன்னலில் நின்று கை தட்டினாய்.

"அண்ணே, அப்படியே எங்களுக்கும் ஒண்ணு" என்று கேட்டாய். அவர் நம் கம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல என்னப்பா கறப்பீங்க?"

"பேச்சுண்ணே" என்றாய்.

அவர் சிரிக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு நம் கயிற்றையும் உச்சிக்கு மேலே போட்டுக் கொடுத்தார். நாம் நடு இணைப்பைக் கட்டி மேலே இழுத்துக்கொண்டிருக்கையில், கண்மாயில் துணி துவைத்துவிட்டு வந்த ஒரு அம்மா நின்று, எந்த மாடு கண்ணு போட்டுச்சு, கிடேரியா காளையா என்று உன்னைக் கேட்டது. நீ கொஞ்சமும் யோசிக்காமல் கிடேரி என்றாய். அது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனது. அன்று நீ சிரித்த சிரிப்பில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

அதற்குப் பிறகுதான் அளவு வைக்கிற வேலை. கம்பியைக் கணக்கைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தாய். உன் கையடக்க மீட்டர், நாம் அனுப்புவதில் எவ்வளவு திரும்பி வந்துவிடுகிறது என்று காட்டும். ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை, எல்லாம் காற்றில் போய்விட்டது. எண் ஏற ஏற மோசம். முதலில் மூன்றுக்கு மேல் காட்டியது. கம்பியை இறக்கி இரண்டு நுனியிலும் நாலு விரல் வெட்டி, மறுபடி ஏற்றி, மறுபடி பார்த்து, மறுபடி இறக்கி. நான் ஒரே அடியாக ஒரு முழம் வெட்டிவிடலாம் என்றேன். எனக்கு எதிலும் ஒரே அடி வேண்டும். நீ வெட்டுக்குறட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய்.

"வெட்டுனத ஒட்ட முடியாது மாப்ள."

பொழுது சாய்வதற்குள் பதினான்கு தடவை ஏற்றி இறக்கினோம். என் உள்ளங்கை இரண்டும் கயிற்றில் உரிந்துவிட்டது. கடைசியில் ஒன்று புள்ளி நாலு வந்து நின்றது. இன்னும் குறைக்கலாமே என்றேன். இது போதும், நிஜமான ஏரியல் இம்புட்டுதான் காட்டும், இதுக்கு மேல நல்லா காட்டுனா சந்தேகப்படணும் என்றாய். நான் காதில் வாங்கவில்லை. அதைக் காதில் வாங்கியிருக்கவேண்டும்.

கடைசியாக ஒருமுறை கீழே இறக்கி, இரண்டு கம்பியும் ரேடியோவிலிருந்து வருகிற கறுப்புக் கேபிளும் சேருகிற இடத்தில் நீயே டியூப் சுற்றினாய். முதலில் இன்சுலேஷன் டேப், அதன்மேல் டியூபை இழுத்து இழுத்து, மேல் சுற்று கீழ் சுற்றைப் பாதி மூடுகிற மாதிரி. கேபிளுக்குள் ஒரு சொட்டுப் போனாலும் அது பஞ்சு மாதிரி உறிஞ்சி இறங்கும் என்றாய்.

"எனக்கும் கேபிளுக்கும் ஒரே பத்தியம். தண்ணி ஆகாது."

ரேடியோவில் டீச்சர் வந்தது அதற்கு அடுத்த வாரம். நாகர்கோவில் பக்கம், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முகம் தெரியாது. காலை ஆறரைக்கு உன் குறியைக் கூப்பிடும். நாளாக ஆக உனக்காக அதுவும் கடைசி எழுத்தை மதுரை என்றே சொல்லப் பழகிக்கொண்டது. உன்னை மக்களே என்றுதான் கூப்பிடும், அந்த ஊர் வழக்கம். தினமும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"இன்னைக்கு எத்தன டம்ளர் மக்களே?"

"ரெண்டர, டீச்சர்."

"அர டம்ளர் மிச்சமா? நாளைக்கு வச்சுக்கிடலாமா அது?"

"வைக்க முடியாது டீச்சர். அம்மா குடிச்சிரும்."

அங்கே மழையா, இங்கே வெயிலா, தென்னையில் வண்டு விழுந்ததா, இப்படிப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் நீ நோயாளி மாதிரி இருக்கமாட்டாய். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய், சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருப்பாய். குரலில் தெரியவா போகிறது என்று கேட்டால், தெரியும் என்பாய். ஒருநாள் டீச்சர் போன் நம்பர் கேட்டது. நீ கொடுக்கவில்லை. அப்புறம் நான் திட்டினேன், அவசரத்துக்கு ஆகுமே என்று. போனில் பேசுவதற்கு எதற்கு மரத்தில் கம்பி என்றாய். அதற்குப் பதிலாக டீச்சர் தபாலில் ஒரு கார்டு அனுப்பியது. உன் குறி, தன் குறி, பேசிய நேரம், ஓரத்தில் ஒரு தென்னை மரப் படம். அதை டம்ளர் கணக்குத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாய்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காற்று அடித்ததில் மேலே கேபிள் இணைப்பு பிய்ந்து தொங்கியது. கயிறும் விழுதுகளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது, ஆள் ஏறித்தான் ஆகவேண்டும். அந்த வாரம் உனக்கு முகம் வீங்கியிருந்தது, கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு நடப்பதே பெரிய வேலை. நான் சனிக்கிழமை வந்தேன். அன்று மதியம் மேலூரில் கிரிக்கெட் டோர்னமென்ட், நான் ஓப்பனிங் பௌலர். பையன்கள் வேனை உன் தெரு முக்கிலேயே நிறுத்தியிருந்தார்கள். நீ ஒரு நீளத் துண்டு டியூபை என் சட்டைப்பையில் திணித்தாய். மூன்று நாளில் மழை வரும் என்று போனில் போட்டிருக்கிறான் என்றாய்.

ஏறினேன். ஏறுவது எனக்குச் சுலபம். உச்சியில் கவட்டையில் உட்கார்ந்து கம்பியைச் சுரண்டி முறுக்கி இணைத்தேன். எறும்பு கழுத்துக்குள் போனது. டேப் சுற்றினேன். டேப் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. தெருவிலிருந்து வேன்காரன் ஹாரன் அடித்தான். இரண்டாம் தடவை அடித்தான். நீ ஜன்னலில் இருந்து கத்தினாய்.

"டியூப் சுத்துனியாடா?"

"சுத்திட்டேன்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. துண்டு என் சட்டைப்பையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷ வேலை. மாட்ச் தோற்றோம்.

நான் வேனுக்குப் போவதற்கு முன் மீட்டரைப் பார்த்தோம். ஒன்று புள்ளி நாலு. ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு டீச்சரோடு பேசினாய். ஒன்றே முக்கால் டம்ளர் என்று சொன்னாய். அதுதான் கடைசியாகப் போய்ச் சேர்ந்த பேச்சு என்று அப்போது யாருக்குத் தெரியும்? அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது.

திங்கள் காலை நான் வந்தபோது நீ மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் வாங்கிப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்று. எந்தப் பக்கம் திருகினாலும் ஒன்று புள்ளி ஒன்று. பார்த்தியா, நான் கட்டுன லட்சணத்த என்று துள்ளினேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம், ஆமாண்டா, ரொம்ப நல்லா இருக்கு என்றாய்.

ஆறரைக்கு டீச்சர் குரல் வந்தது, கொஞ்சம் சன்னமாக. உன் குறியைச் சொல்லிக் கூப்பிட்டது. நீ மைக்கை அமுக்கி, இருக்கேன் டீச்சர், கேக்குது சொல்லுங்க என்றாய். அந்தப் பக்கம் மறுபடி உன் குறி. மறுபடி நீ. டீச்சர் கூப்பிட, நீ பதில் சொல்ல, டீச்சருக்கு அது கேட்காமல் மறுபடி கூப்பிட. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தட்டுகிற மாதிரி இருந்தது. கால் மணி நேரம். கடைசியில் டீச்சர், மதுரை இன்னைக்கு இல்ல போல, நாளைக்குப் பாப்போம் மக்களே என்று முடித்துக்கொண்டது.

"பேண்ட் சரியில்ல மாப்ள" என்றாய், அலைவரிசையைச் சொல்லி. "மேல காத்து மண்டலம் அப்படி. மழை நாள்ல இப்படித்தான் படுத்தும்."

நான் நம்பினேன். நம்ப எனக்கு வசதியாக இருந்தது. டீச்சர் சொல்வது நமக்குக் கேட்கிறதே, நாம் சொல்வது ஏன் போகவில்லை என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது, அதை அப்படியே விட்டுவிட்டேன். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. புதன்கிழமை உனக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். "டீச்சர். இன்னைக்கு. ஒரு டம்ளர்தான்." வெளியே ஆலமரம் முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்புறம் வண்டி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனாய். வியாழக்கிழமை மழை விட்டது. அன்று மத்தியானம் உன் அம்மா நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது உன் அம்மா இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் அம்மா, அந்தக் கம்பிய எறக்கிரு தம்பி, பாக்க முடியல என்றது. ஏறிக் கயிற்றை அறுத்துக் கீழே விட்டேன். இறங்கி வந்து இணைப்பைப் பிரித்தேன். டேப் பசை விட்டுச் சுருண்டிருந்தது. கேபிளின் வாயைச் சாய்த்தேன். தண்ணீர் ஒழுகியது. துரு நிறத்தில், பழுப்புத் தண்ணீர். என் முழங்கை வரைக்கும் ஓடியது. மழை விட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது, இன்னும் உள்ளே இருந்திருக்கிறது.

அன்று இரவு முழுக்க யூடியூபில் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோ போதும், எட்டு நிமிஷம். தண்ணீர் ஏறிய கேபிள் நாம் அனுப்புவதை எல்லாம் தானே குடித்துவிடும். காற்றுக்கும் போகாது, திரும்பியும் வராது. மீட்டருக்குத் தெரிந்தது திரும்பி வருவது மட்டும்தான். எதுவும் வரவில்லையா, அப்படியானால் பிரமாதம் என்று சொல்லிவிடும். ஒன்று புள்ளி ஒன்று. நான் துள்ளியது அதற்குத்தான்.

அதே பதினாறாம் நாள், நான் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது உன் அம்மா வாசலில் நிறுத்திக் கேட்டது.

"கடைசி மூணு நாளு பேசுனானே, அந்த டீச்சரம்மாவுக்குக் கேட்டுச்சாப்பா?"

"கேட்டிருக்கும்மா."

இரண்டாவது பொய். அதற்கும் ஒரு வார்த்தைதான் செலவு. அதன் பிறகு உன் தெருப் பக்கம் நான் வரவில்லை. பேரையூர் ரூட் பார்சல் வந்தால் வேறு பையன் தலையில் கட்டிவிடுவேன். வீட்டில், ஏண்டா அவிங்க வீட்டுக்குப் போகல என்று கேட்டால் எரிந்து விழுவேன். மூன்று மாதம் இப்படி ஓடியது. காலை ஆறரைக்கு எங்கே இருந்தாலும் முழிப்பு வந்துவிடும். டீச்சர் கூப்பிட்டுக்கொண்டிருக்குமோ என்று தோன்றும். செத்துவிடலாம் என்றுகூட ஒருநாள் தோன்றியது. அதையும் உன்னிடம்தான் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று அந்தப் பஞ்சர் கடையில் எழுந்து நின்று, அண்ணே, பழைய சைக்கிள் டியூப் இருந்தா கொஞ்சம் குடுங்க என்று கேட்டேன். எதற்கு என்றார். ஒரு இடத்தில் சுற்ற மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பார்சல்களைக் கொடுத்து முடித்துவிட்டு நேரே பேரையூர்.

உன் அம்மா அடுப்படியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தது. வாப்பா என்றது. ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேன் ஹாரன், டியூப், தண்ணீர், கேட்டிருக்கும்மா என்ற பொய், எல்லாம். அழாமல் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. அது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து உன் அறைக்குப் போனது. யாரோடு எப்போது பேசினாய் என்று நீ எழுதுகிற நீல நோட்டைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டியது. உன் எழுத்து. சாய்ந்து சாய்ந்து போயிருந்தது.

‘திங்கள். 1.1, முழு பேண்டிலும். கேபிளில் தண்ணி. டியூப் சுத்தல போல. சொன்னா மழையோட ஏறுவான். மழை விடட்டும்.’

அதன் கீழே செவ்வாய். ‘கூப்பிட்டேன். போகாது. அவன் பக்கத்துல இருக்கான்.’

புதனுக்குத் தேதி மட்டும் போட்டிருந்தாய்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. திங்கள்கிழமை மீட்டரைப் பார்த்த நொடியே தெரிந்திருக்கிறது. போகாது என்று தெரிந்துகொண்டே மூன்று நாள் மூச்சுப் பிடித்துப் பேசினாயா? நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதற்காகவா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீ. சட்டையைப் பிடித்திருக்கலாம். மழையோடு மழையாக ஏறியிருப்பேன், வழுக்கி விழுந்திருந்தால் விழுந்திருப்பேன். அதற்குத்தான் பயந்தாயா? உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. நேற்று உன் அடுப்படியில் நின்று உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், உன் அம்மா முன்னாலேயே.

அம்மா, இத எப்பப் படிச்சீங்க என்று கேட்டேன்.

"அடுத்த மாசமே, தூசி தட்டயில. நீயா வருவன்னு இருந்தேன்."

"என்னைய வஞ்சிருக்கலாம்ல?"

"அவனே வையல. நான் எங்குட்டு வைய?" மறுபடி அவரைக்காய் முன்னால் உட்கார்ந்தது. ஒரு காயை ஆய்ந்து போட்டுவிட்டு, தலை நிமிராமல், "ஆனா எனக்கு ஆறல தம்பி. ஆறுச்சுன்னு சொல்லமாட்டேன்" என்றது.

எனக்கும் அது ஆறாதது நல்லது என்று பட்டது. ஏன் என்று கேட்காதே.

உன் அலமாரியில் ஸ்பேர் என்று சுருட்டி வைத்திருந்த கேபிளை எடுத்தேன். அன்று இறக்கி மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்த கம்பியை எடுத்தேன். இந்தத் தடவை தரையிலேயே உட்கார்ந்து இணைத்து, டேப் சுற்றி, அதன்மேல் பஞ்சர் கடை டியூபை இழுத்து இழுத்து, மேல் சுற்று கீழ் சுற்றைப் பாதி மூடுகிற மாதிரி சுற்றினேன். சுற்றி முடித்துப் பிரித்து மறுபடி சுற்றினேன். சாக்கில் கல்லைக் கட்டி ஆட்டி வீசினேன். பால்காரருக்கு ஒரு வீச்சு, எனக்குப் பத்தொன்பது. இருட்டுவதற்குள் கம்பி உச்சிக்குப் போய்விட்டது. மீட்டரைச் சொருகினேன். ஒன்று புள்ளி நாலு. அந்த எண்ணை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

இன்று காலை ஆறு இருபதுக்கே ரேடியோவைப் போட்டேன். உன் கட்டிலில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தேன். உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்று மாதம் ஆகிவிட்டதே, டீச்சர் விட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆறரைக்கு, பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு சத்தமாக வந்தது உன் குறி. கடைசி எழுத்து, மதுரை. கொஞ்சம் நிறுத்தி மறுபடி. மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு, சும்மா இருந்தது. காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

"பதில் சொல்லுப்பா" என்றது உன் அம்மா.

"முடியாதும்மா. லைசென்ஸ் அவன்து."

"நீயும் எழுதப் போனியே?"

"போகலம்மா."

மைக் என் மடியில் இருந்தது. கட்டைவிரல் பட்டன்மேலேயே இருந்தது. இப்போது அமுக்கினால் போகும். ஏரியல் நன்றாக இருக்கிறது, கேபிள் காய்ந்திருக்கிறது, டியூப் சுற்றியிருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, பேசவேண்டியவன் மட்டும் இல்லை. நான் அமுக்கவில்லை. அது உன் குறி. டீச்சர் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு, சரி மக்களே, நாளைக்கு என்றது. உன் அம்மா அந்த ரேடியோவைப் பார்த்து, சரிம்மா என்றது.

அப்புறம் சுவரிலிருந்து டீச்சர் கார்டை எடுத்து, பின்னால் இருந்த முகவரியைப் பார்த்து ஒரு கார்டு எழுதினேன். நீளமாக எழுத வரவில்லை. ‘டீச்சர், அவன் போய்விட்டான். கடைசி மூன்று நாளும் நீங்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டது. அவன் பதில் சொன்னான். அது உங்களுக்கு வராததற்குக் காரணம் பேண்ட் இல்லை, நான். புதன்கிழமை ஒரு டம்ளர்தான் என்று உங்களிடம் சொன்னான்.’ பேரையூர் பஸ் ஸ்டாண்ட் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பதில் வருமா, என்ன சொல்லி வரும் என்று தெரியாது. நாளைக் காலை கூப்பிடுமா? நாளை மறுநாள்? கார்டு போய்ச் சேர்ந்த அன்றைக்கு ஆறரை மணிக்கு என்ன இருக்கும்?

பரீட்சைக்கு மறுபடி விண்ணப்பம் போடுகிறேன். எழுதினால் எழுதுவேன், எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. கிடைத்தாலும் அது வேறு குறியாகத்தான் இருக்கும்.

நீ கொடுத்த அந்தத் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அன்று போட்டிருந்த சட்டையிலிருந்து எடுத்து பர்ஸில் வைத்தேன். நேற்று சுற்றும்போது அதைத்தான் முதலில் எடுத்தேன். இழுத்தேன், இரண்டாக அறுந்துவிட்டது. உடம்புச் சூட்டில் காய்ந்து மக்கியிருந்தது. எதற்கும் ஆகாது இனி. இரண்டு துண்டையும் பர்ஸில் திரும்ப வைத்துக்கொண்டேன்.